ஆவன செய்யப்படும்: புதிய இளநிலை உதவியாளருக்குச் சில யோசனைகள்

குரூப் 4 தேறி வந்திருக்கிறாய், வாழ்த்துகள் தம்பி. ஒரு சந்தேகம் என்றால் எழுந்துபோய்ப் பக்கத்துப் பிரிவில் கேட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு கோப்பு எதற்கு?

முதலில் செயப்பாட்டு வினையைக் கைவசப்படுத்து. 'பார்த்தேன்' என்று எழுதியவன் தணிக்கையில் மாட்டுவான். 'பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதியவனை யாராலும் பிடிக்க முடியாது. அந்த வாக்கியத்தில் ஆளே கிடையாது. 1956-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து, கோப்பு மெல்ல மெல்லத் தமிழுக்கு மாறியது. ஆள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. 'தங்கள் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று 26 வருஷமாக எழுதுகிறேன். ஈர்ப்பது யார் என்று எனக்கே தெரியாது.

அடுத்தது 'பேசுக'. அதிகாரி பச்சை மையில் ஓரத்தில் எழுதுவார். இ-ஆபீஸ் வந்தபின் திரையில் வருகிறது. கோப்பைப் படிக்கவில்லை என்று பொருள். படித்துவிட்டுக் கையெழுத்திடப் பயப்படுகிறார் என்றும் பொருள். கண்காணிப்பாளரோடு போய்ப் பேசு. வந்து 'பேசப்பட்டது' என்று எழுதி மேலே அனுப்பு. என்ன பேசினீர்கள் என்பதை எழுதித் தொலைக்காதே.

தகவல் உரிமை மனு வந்தால் பதற வேண்டாம். 30 நாள் இருக்கிறது. விஷயம் வேறு அலுவலகத்துடையது என்றால் 6(3)-ன் கீழ் 5 நாளுக்குள் தள்ளிவிடு. அந்த 5 நாளைத்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள்.

நினைவூட்டு ஒரு தனிக் கலை. ஒரு பட்டா மனு பற்றி என் ஏ பிரிவிலிருந்து பி பிரிவுக்கு நான் ஒரு குறிப்பு அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று நினைவூட்டு போட்டேன். அந்தப் பிரிவு உதவியாளர் தினமும் 11 மணிக்கு என்னோடுதான் டீ குடிப்பார். டீக்கடையில் கோப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பது மரபு, இருவரும் காத்தோம். மனு கொடுத்த அம்மா திங்கள்தோறும் குறைதீர் நாளுக்கு வந்து கேட்பார். 'ஆவன செய்யப்படும்' என்பேன்.

போன மாதம் அந்த உதவியாளர் ஓய்வு பெற்றார். மாலையும் கழுத்துமாக மேசையைக் காலி செய்தவர், என் நான்கு தாள்களையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். இப்போது பி பிரிவு என் கூடுதல் பொறுப்பு. பதில் எழுதலாம்தான். ஆனால் பார்வை 2-ல் தேதி தவறாக இருக்கிறது. விளக்கம் கேட்டு ஏ பிரிவுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறேன்.