‘அண்ணே, கடை சாத்தியாச்சு!’

பெங்களூரு பார்களில் பாட்டிலை அந்தரத்தில் எறிந்து முதுகுக்குப் பின்னால் பிடிக்கிற வித்தைக்காரர்கள் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரில் வேலை பார்ப்பவருக்கு அந்த வித்தை தெரியாது. வாடிக்கையாளர் எறிந்தால் சரியான நேரத்தில் குனியத் தெரியும். பார்டெண்டர் என்ற பட்டமும் அவருக்குக் கிடையாது. சப்ளையர், அவ்வளவுதான்.

சரக்கு விற்பது அரசாங்கத்தின் வேலை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். டெண்டர் எடுத்து பார் நடத்துபவருக்குத் தின்பண்ட வியாபாரம்தான். ஆகவே நம் சப்ளையரின் ராஜ்ஜியம் கிளாஸ், தண்ணீர், அவித்த கடலை, ஆஃபாயில், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்த் துண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய்க்குப் பஞ்சம் வந்தால்தான் அவருக்குத் தொழில் நெருக்கடி.

ஜவுளி எடுக்க வந்த ஆந்திராக்காரரிடம் ‘ஏம் காவாலி அன்னா?’ என்பார். கிரானைட் லாரியோடு வந்த கன்னடத்துக்காரரிடம் ‘ஏன் பேக்கு குரு?’ சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வந்த பீகார் தம்பியிடம் ‘க்யா சாஹியே பையா?’ மூன்று மொழியிலும் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். பதில் எதுவாக இருந்தாலும் ஆஃபாயில் வரும். இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், ஒருவருக்கு ஃபேன் காற்றையும் மற்றவருக்கு ஜன்னல் காற்றையும் சிபாரிசு செய்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைப்பார். மச்சானைத் திட்டித் தீர்ப்பவருக்கு ‘ஆமாண்ணே’ போடுவார். அரை மணி கழித்து அந்த மச்சானே வந்து மாமனைத் திட்டினாலும் அதே ‘ஆமாண்ணே’. இங்கே கேட்டது அங்கே போகாது. ஊரில் பல குடும்பங்கள் உடையாமல் இருப்பது இந்த ஒற்றைச் சொல்லால்தான்.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். அரும்பு மீசையோடு ஒருவன் பம்மிக்கொண்டு உள்ளே நுழைந்தால் நம்மவர் ஆதார் கேட்க மாட்டார். ‘தம்பி, அப்பா சௌக்கியமா?’ என்று சத்தமாகக் கேட்பார். அப்பாவை அவருக்குத் தெரியவே தெரியாது. பையன் பைபாஸ் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவான்.

வரலாறு பேசும் பெரியவர்களும் வருவார்கள். அவர்கள் சொல்லும் கதை இது: பர்கூர் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது அந்த மாவட்டத்தில்தான். 1991-இல் பர்கூர் எம்.எல்.ஏ.வாகி முதல்வரான ஜெயலலிதா மலிவு விலை மதுவை நிறுத்தினார். 2003-இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கிடம் கொடுத்ததும் அவர் ஆட்சிதான். ‘இதுக்கு என்ன சொல்றே?’ என்று பெரியவர் மடக்கினால், ‘அரசியல் பேசினா ஈரல் ஆறிடும்ண்ணே’ என்று நம்மவர் தட்டை முன்னால் நகர்த்திவிடுவார்.

ஆனால் நம் சப்ளையரின் நிஜமான கெட்டிக்காரத்தனம் தெரிவது இரவு ஒன்பது மணிக்கு. அரசு உத்தரவுப்படி கடை பத்து வரை உண்டு. அளவு தாண்டியவர் ‘இன்னொரு குவார்ட்டர் வாங்கிட்டு வா’ என்று நோட்டை நீட்டுவார். ‘அண்ணே, கடை சாத்தியாச்சு!’ என்பார் சப்ளையர், பக்கத்தில் கடை ஷட்டர் பாதிகூட இறங்காமல் விளக்கு பளபளவென்று எரிந்துகொண்டிருக்கும்போதே. அந்த நேரத்தில் அந்த வெளிச்சத்தைக் கவனிக்கும் நிலையில் அண்ணன் இருப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். விற்காமல் விட்ட குவார்ட்டருக்கு எந்தக் கம்பெனியும் இன்சென்டிவ் தராது. நட்சத்திர ஓட்டல்களில் வாடிக்கையாளர் சேவை என்று கோட்டு சூட்டோடு வகுப்பெடுப்பவர்களின் பாடத்தில் இந்தப் பொய்யையும் சேர்க்கலாம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எழும்போது மேசையில் இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போங்கள். வண்டிச் சாவியை அவர் எடுத்து வைத்துக்கொண்டால் சண்டை போடாமல் ஆட்டோ பிடியுங்கள். காலையில் வந்து கேட்டால் சாவி பத்திரமாக வரும். ராத்திரி நீங்கள் பேசியது எதுவும் வெளியே வராது.