எட்டிப் பார்த்தால் தெரியும் கடல்: துபாய் ஃப்ளாட் மதிப்பீட்டியலுக்கு ஓர் அறிமுகம்

விற்பதற்கு முன் வீட்டின் சந்தை மதிப்பை அறிவது எப்படி என்பது பற்றித் துபாய்த் தமிழர்கள் கண்டடைந்த முடிவுகள் இதுவரை கராமா ஓட்டல் மேசைகளிலும் லிஃப்டுகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொகுப்பதே இவ்வாய்வின் நோக்கம். வெளிநாட்டார் சொந்தமாக வீடு வாங்கலாம் என்று துபாய் அறிவித்தது 2002இல். அதற்குச் சட்ட உறுதி தந்த சொத்துப் பதிவுச் சட்டம் வந்தது 2006இல். ஆக, துறை இளையது. அறிஞர்கள்தான் அதிகம்.

முதலில் ஒரு முரண். துபாயில் விலை ரகசியமே அல்ல. பதிவாகும் விற்பனைகளின் தேதி, பரப்பு, தொகை எல்லாவற்றையும் அங்குள்ள நிலத்துறையே வெளியிடுகிறது. உங்கள் பில்டிங்கில் அண்மையில் கைமாறிய ஃப்ளாட்டின் சதுர அடி விலையை எடுத்து, மாடி, பார்க்கிங், சர்வீஸ் சார்ஜ் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் வேலை முடிந்தது. இதைச் செய்யாத உரிமையாளர் இல்லை; விடையை ஒப்புக்கொண்டவரும் இல்லை. தொகை குறைவென்றால், “அது ஊருக்குப் போற அவசரத்துல கொடுத்தது பாய், கணக்குல சேராது.” கூடுதலென்றால், “இதுதான் பாய் மார்க்கெட்டு.” தரவுகளைச் சலிக்கும் இந்த முறைக்குப் பக்கத்து ஃப்ளாட் தேற்றம் என்று பெயரிட்டிருக்கிறோம்.

அடுத்து, காட்சி. துபாய் மரினாவில் கடல் முழுதாகத் தெரிந்தால் ஒரு விலை, பாதி தெரிந்தால் வேறு விலை. பாதி என்பதற்கு இலக்கணம் வகுக்க முயன்றோம். பால்கனியின் இடது கோடியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வெளியே நீட்டினால், இரண்டு டவர்களுக்கு நடுவே வேட்டிக் கரை அகலத்துக்கு நீலமாய் ஏதோ தெரியும். விளம்பரத்தில் அதுவே கடற்காட்சி. எதிரே மூன்றாவது டவருக்குப் பள்ளம் தோண்டத் தொடங்கினால், வீட்டைக் காலையில் காட்டாமல் இருட்டிய பிறகு காட்டுவது மரபு.

இன்டர்நேஷனல் சிட்டியில் நிலைமை வேறு. அங்கே குடியிருப்புகளுக்கு நாடுகளின் பெயர் என்பதால், ரஷ்யாவில் ஸ்டூடியோவை விற்றுவிட்டு இங்கிலாந்தில் ஒரு பெட்ரூம் வாங்குவது நடந்துபோகிற தூரத்து விவகாரம். அங்கே ஒரு காலத்தில் விலையை நிர்ணயித்தது காட்சியல்ல, காற்று. பக்கத்து அல் அவீர் கழிவுநீர் நிலையத்தின் திசையிலிருந்து காற்றடிக்கும் வேளையில் வாங்குபவரை அழைத்துவந்த புரோக்கர் தொழிலுக்குப் புதியவர் என்று அறியலாம்.

வாடகைக்காரர் உள்ள வீட்டில் இன்னொரு மாறி சேர்கிறது. விற்பதற்காக அவரைக் காலி செய்யச் சொல்ல நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் தர வேண்டும். அந்தப் பன்னிரண்டு மாதமும் வீடு பார்க்க வருபவர்களிடம், “ஏசி தண்ணி பெட்ரூம்லதான் சொட்டும், மத்தபடி நல்ல வீடு” என்று உண்மை பேசும் உரிமை அவருக்கு உண்டு.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரிடம் இத்தேற்றங்கள் எடுபடுவதில்லை. லேசர் கருவியால் அளக்கிறார், நாலு படம் எடுக்கிறார், போய்விடுகிறார். ஊரிலிருந்து ஆசாரியை வரவழைத்துச் செய்த பூஜை அலமாரிக்கு அவர் போடும் மதிப்பு பூஜ்யம். பேசிய விலை, அவர் போட்ட விலை, இரண்டில் எது குறைவோ அதன் மீதே வங்கி கடன் தரும்.

இறுதியாக, தமிழர்கள் செம்மைப்படுத்திய ரூபாய்த் தேற்றம். 2008இன் உச்சத்தில் ஒருவர் 10 லட்சம் திர்ஹாமுக்கு வாங்கினார் எனக் கொள்வோம். அப்போது திர்ஹாம் சுமார் 11 ரூபாய். ஆக 1 கோடியே 10 லட்சம். பின்னர் சந்தை விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. ஆனாலும் அவர் ஃப்ளாட்டை இப்போது 6 லட்சத்துக்கே கேட்கிறார்கள் எனக் கொள்வோம். ஆனால் திர்ஹாம் 23 ரூபாயைத் தாண்டிவிட்டதால் கையில் 1 கோடியே 38 லட்சம்! 4 லட்சம் திர்ஹாம் நட்டத்தில் 28 லட்சம் ரூபாய் லாபம் காணும் இந்த வித்தையை ஊரிலிருக்கும் மாமனாரிடம் தொலைபேசியிலேயே நிரூபித்துவிடலாம். வாங்க வந்தவர் பாகிஸ்தானியாக இருந்தால் மட்டும் சிக்கல். அவர் ஊர் ரூபாய் இன்னும் வேகமாக விழுந்ததால், உங்களுக்கு அந்த விலையே ஏகப்பட்ட லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டி மேலும் குறைக்கச் சொல்வார்.