கடலடிக் கணக்குப்பிள்ளை

எங்கள் ஊரில் காற்றிலேயே சாம்பல். விஞ்ஞானிகள் கடலடிச் சேற்றில் எதைத் தேடுகிறார்கள்?
(அத்திப்பட்டு வாசகர்)

அங்கேயும் சாம்பல்தான்! சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை கக்கிய சாம்பல், வங்கக் கடலடியில் தனி அடுக்காகக் கிடக்கிறது. அது தட்டுப்பட்டால் அந்தச் சேற்றின் வயது தெரிந்துவிடும். உங்கள் ஊர்ச் சாம்பலும் பிற்காலத்தில் யாருக்காவது இப்படிக் கை கொடுக்கும்.

சேறு எப்படி மழைக்கணக்குச் சொல்லும்?
(மீஞ்சூர் வாசகர்)

கடலில் மிதக்கும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிக்குச் சுண்ணாம்பு ஓடு உண்டு. உயிர் போனால் ஓடு அடியில் படியும். மழைநீரில் லேசான ஆக்ஸிஜன் அதிகம். ஆறுகள் பெருகிக் கடலில் கலந்த காலத்து ஓடுகளிலும் அது கூடும். கடலின் சூடும் இந்தக் கணக்கில் கலந்துவிடும். ஓட்டிலுள்ள மக்னீசியத்தை அளந்து அந்தச் சூட்டின் பங்கைக் கழித்துவிடுவார்கள்.

நம் கடலில் துளைத்திருக்கிறார்களா?
(பழவேற்காடு வாசகர்)

நாம் தண்ணீருக்கு போர் போடுகிறோம். அவர்கள் சேற்றுக்குப் போட்டார்கள். 2014 கடைசியில் கிளம்பிய ஜாய்டிஸ் ரெசொலூஷன் கப்பல், 2015 ஜனவரி வரை வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் துளைத்தது. மகாநதிக்கு எதிரேயுள்ள கடலும் அதில் சேர்த்தி. தேடியது பருவமழையின் வரலாறு.

காலநிலையில் 'திடீர் மாற்றம்' என்கிறார்களே, எவ்வளவு திடீர்?
(கும்மிடிப்பூண்டி வாசகர்)

சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன், சில பத்தாண்டுகளுக்குள் கிரீன்லாந்தின் வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி ஏறியது. தாத்தா போர்த்திய கம்பளி பேரனுக்குப் பாரமாகியிருக்கும்.

கிரீன்லாந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
(பொன்னேரி வாசகர்)

சம்பந்தி உறவுதான், அங்கே தும்மினால் இங்கே தடுமன். ஹார்ட்மட் ஷூல்ஸ் குழு 1998இல் அரபிக்கடல் சேற்றில் இதைப் படித்துக் காட்டியது. பனியுகத்தில் கிரீன்லாந்து சூடானபோதெல்லாம் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தது. கடலில் நுண்ணுயிர்கள் பெருகி, மடிந்து, மக்கி, ஆக்ஸிஜனைத் தீர்த்தன. கிளறப் புழுக்கள் இல்லாததால் கருஞ்சேறு வரிவரியாக அப்படியே நின்றது. குளிர்காலங்களின் சேறு வெளிறி, புழு கிளறிக் கலைந்து கிடக்கிறது.

அனல்மின் நிலையம் இல்லாத காலத்திலேயே மாறியதே! பிறகேன் நிலக்கரியைத் திட்டுகிறீர்கள்?
(எண்ணூர் வாசகர்)

தானாகக் கரை உடைந்த ஏரிகள் உண்டு. அதற்காகக் கரையை வெட்டியவனை ஊர் சும்மா விடுமா? தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கும் சேற்றில் ஏறிக்கொண்டிருக்கிறது.