தண்ணீர் குடிக்கும் வாட்ச்மேன்

1839-இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தைப் பெர்லினில் குஸ்தாவ் ரோஸ் சோதித்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரபுவின் பெயரைச் சூட்டினார். பிரபு அதைத் தோண்டவும் இல்லை, சோதிக்கவும் இல்லை; கல் சேர்க்கும் ஆசை உண்டு, அவ்வளவுதான். இன்று சூரிய மின்கலத்தில் பெரோவ்ஸ்கைட் என்று பூசும் சரக்கில் அந்தக் கல்லின் கால்சியமும் கிடையாது, டைட்டானியமும் கிடையாது. அணுக்கள் உட்காரும் வரிசை மட்டும்தான் அதே வரிசை. பெயர் பிரபுவுக்கு, உழைப்பு இப்போது அந்த வரிசையில் உட்காரும் ஈயத்துக்கும் அயோடினுக்கும்.

2009-இல் யோகோஹாமாவில் மியாசாகாவும் கொஜிமாவும் இந்தச் சரக்கை வைத்து மின்சாரம் எடுத்தார்கள். திறன் 3.8 சதவீதம். அதுகூடப் பரவாயில்லை, கலத்துக்குள் ஊற்றிய திரவத்திலேயே சரக்கு கரைந்துபோனது. 2011-இல் கொரியாவின் நாம்-கியூ பார்க் 6.5 சதவீதம் எட்டினார். அதுவும் கரைந்தது.

ஒளி பட்டதும் எலக்ட்ரான் எழுந்து ஒரு பக்கம் ஓடும். அது காலி செய்த இடத்துக்குத் துளை என்று பெயர். அதை மறுபக்கம் கடத்தினால்தான் மின்னோட்டம். அந்த வேலையைத்தான் திரவம் பார்த்துவந்தது. 2012-இல் திரவத்தைத் துரத்திவிட்டு ஸ்பைரோ-ஓமெடாட் என்ற திடப்பொருளை நியமித்தார்கள். பார்க்கின் கோஷ்டிக்கு 9.7 சதவீதம், ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த் கோஷ்டிக்கு 10.9. ஒரே கைதட்டல்.

நியமனத்தின் லட்சணத்தைப் பாருங்கள். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது. ஆகவே மேலே உட்காரும் அடுக்கு ஈரத்தை வாசலிலேயே மடக்கும் வாட்ச்மேனாகவும் இருக்க வேண்டும். ஸ்பைரோவோ தனியாகத் துளையைத் தூக்காது, லித்தியம் உப்பைக் கலந்து கொடுக்க வேண்டும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குடிக்கும். உப்பைச் சமாளிக்க டெர்ட்-பியூட்டைல்பிரிடின் என்று ஒரு துணையாள். அவர் பெரோவ்ஸ்கைட்டையே அரிப்பார். ஆக்ஸிஜன் பட்டால்தான் ஸ்பைரோ விழிக்கும் என்பதால் கலத்தை இரவு முழுக்கக் காற்றில் விட்டுவைப்பது ஆய்வகச் சம்பிரதாயம். திருடனுக்குக் கதவு திறந்துவிடும் வாட்ச்மேன். சம்பளமோ கொள்ளை. இந்த ஏற்பாட்டில்தான் வருஷக்கணக்கில் சாதனை மேல் சாதனை! ஆயுளைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

இத்தனைக்கும் ஸ்பைரோவின் வேலைக்கு வரக்கூடிய, மின்சாரம் கடத்தும் பாலிமர் புதுச் சங்கதி அல்ல. 1967-இல் டோக்கியோவில் ஷிரகாவா வேலை பார்த்த ஆய்வகத்தில் யாரோ வினையூக்கியை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட, வெள்ளிபோல் மின்னும் பாலிஅசெட்டிலீன் ஏடு படிந்தது. பிற்பாடு ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் அதற்கு அயோடின் ஆவி காட்டிக் கடத்துதிறனைக் கோடி மடங்குக் கணக்கில் ஏற்றி, 2000-இல் நோபல் வாங்கினார்கள். கை தவறிக் கொட்டியவருக்குப் பங்கு இல்லை.

2013-இல் கொரியாவின் சாங் இல் சியோக் குழு ஸ்பைரோவுக்குப் பதில் பிடிஏஏ என்ற பாலிமரைப் பூசி 12 சதவீதம் எடுத்தது. நீளச் சங்கிலி, சீராகப் படியும், சூட்டுக்கு அசையாது. ஆனால் அதுவும் அதே லித்தியம் உப்பைக் கேட்டது. பி3ஹெச்டி என்ற மலிவுப் பாலிமர் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. ஈரத்தை அண்டவிடாது, ஆனால் பெரோவ்ஸ்கைட்டோடு நேராக ஒட்டினால் துளைகள் எல்லையிலேயே வீணாகும். பெரிதாக யாரும் சீந்தவில்லை. 2019-இல் கொரிய ஆய்வாளர்கள் இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஹாலைடு அடுக்கு ஒன்றைப் போட்டுச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். உப்பே இல்லாமல் 22.7 சதவீதம். மேலுறை போட்டு, விளக்கை அணைக்காமல் 1,370 மணி நேரம் வைத்தும் முதல் நாள் திறனில் 95 சதவீதம் மிஞ்சியது.

1,370 மணி என்றால் 57 நாள். சிலிக்கான் பலகை விற்பவர் 25 வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். ஆகவே அடுத்த முறை பெரோவ்ஸ்கைட் சாதனை என்று செய்தி வந்தால், சதவீதத்தைப் பார்த்துவிட்டு நகராதீர்கள். மேலே என்ன பூசினார்கள், அதில் லித்தியம் உப்பு உண்டா என்றும் பாருங்கள்.