கசவுக்கரையும் ஒட்டுப்பட்டையும்

ஆவணி பிறந்ததும் பாலக்காட்டு எல்லையோர அலுவலகங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், ஆண்களுக்குக் கறுப்புச் சட்டையும் கசவு முண்டும், பெண்களுக்குச் செட் சேலையும் பச்சை ரவிக்கையும் என்று அறிவிப்பு வெளிவருவது, பஞ்சாங்கத்தில் குறித்துவைக்கத்தக்க அளவுக்கு உறுதிப்பட்டுவிட்ட வழக்கமாகும். இவ்வாண்டு அது ஓணக் கொண்டாட்டத்துக்கு முந்தைய இரவில், கொழிஞ்சாம்பாறைக் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு வந்தது என்பது இவ்வாய்வின் நடுநிலைமையைச் சற்றே பாதித்திருக்கக் கூடும். இவ்வழக்கம் உடுத்துபவரைப் படுத்தும் பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் கசவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெளுக்காத பருத்தித் துணியின் ஓரத்தில் ஓடும் சரிகைக் கரையே கசவு எனப்படும். அதன் முறையான பிறப்பிடங்களுள் ஒன்று திருவில்வாமலைக்கு அருகிலுள்ள குத்தாம்புள்ளி. கொச்சி அரச குடும்பத்துக்கு நெய்வதற்காகக் கர்நாடகப் பகுதியிலிருந்து வந்த தேவாங்கச் செட்டியார்கள் குடியேறிய அவ்வூரின் கைத்தறிக்கு, ஒரு பொருள் குறிப்பிட்ட ஊருக்கு உரியது என்று பதிவுசெய்து காக்கும் புவிசார் குறியீடு 2011இல் கிடைத்தது. எனினும் அவசரத்துக்கு வாங்கப்படும் கேரளப் பாரம்பரியம் பல வேளைகளில் ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறியில் நெய்யப்பட்டு, முந்தானையில் மயிற்பீலியோ கதகளி முகமோ அச்சேறி, வாளையார் வழியாக வந்து, எல்லையோரத் தமிழர் தலையிலேயே கட்டப்படுகிறது.

தலையில் கட்டுவது எளிது. இடுப்பில் கட்டுவதுதான் சிக்கல். ஆண்டு முழுவதும் பேண்ட் அணிந்து பழகிய இடுப்பு, முண்டைத் தாங்கும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது பெல்ட் முறை: இதில் முண்டு நிற்கும், மூச்சு நிற்காது என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவது கைம்முறை: இடக்கை முழுநேரமும் இடுப்பிலேயே இருப்பதால், இதைப் பின்பற்றுவோர் பூக்கோலத்துக்குப் பூ கிள்ளும் பணியிலிருந்து நியாயமாகவே விலக்குப் பெறுகின்றனர். மூன்றாவது ஒட்டுப்பட்டை முறை, அதாவது சொரசொரப்பான ஒரு நாடாவும் மென்மையான ஒரு நாடாவும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் வெல்க்ரோ வேட்டி. இதனுள் இரு உட்பிரிவுகள் உண்டு: கைப்பேசிக்குப் பை வைத்தது, வைக்காதது. பை வைத்ததில் கைப்பேசியின் கனம் ஒருபுறமாக இழுப்பதால் கரை சாய்ந்து, கசவு முழங்காலை நோக்கிப் பயணப்படுகிறது. பை வைக்காததில் கைப்பேசி கையிலேயே இருப்பதால் அதன் உரிமையாளர் மீண்டும் கைம்முறைக்குத் திரும்புகிறார். முண்டை மடித்துக் கட்டுவதும் பெரியவர்களைக் கண்டால் இறக்கிவிடுவதும் இப்பகுதியின் மரியாதை. ஒட்டுப்பட்டைக்காரர் துணைமேலாளரைப் படிக்கட்டில் கண்டு மடிப்பை இறக்கும்போது மடிப்போடு பிறவும் இறங்கிவிடுமோ என்ற கவலையில், மரியாதையைத் தலையசைப்போடு முடித்துக்கொள்கிறார். ஆனால் இம்முறையின் உண்மையான சோதனைக்களம் வடம்வலி என்னும் கயிறிழுப்புப் போட்டியே. குதிகாலை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, மொத்த உடலும் சாயும் அந்தக் கணத்தில் 'சர்ர்ர்' என்று எழும் ஒலியைக் கேட்டவுடன், அது எந்த அணியினுடையது என்று அறியாமலேயே இரண்டு அணிகளும் கயிற்றை விட்டுவிடுகின்றன. அதே மாவட்டத்தில், ஐப்பசி இறுதியில், பஞ்சகச்சம் கட்டிய கல்பாத்தி முதியவர்கள் தேர் வடத்தை இழுக்கின்றனர். துணியைக் கால்களுக்கிடையே கொண்டுபோய்ப் பின்னால் செருகும் அக்கட்டு இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவிழ்வதில்லை. இதை எழுதுபவர் இளமையில் அதைக் கற்றுக்கொள்ளாததற்கு அப்போது பேண்ட் நாகரிகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

இடுக்கியில் நிலைமை குளிரால் மேலும் சிக்கலாகிறது. நவம்பர் 1, மாநிலம் உருவான 1956ஆம் ஆண்டு நாளை நினைவுகூரும் கேரளப் பிறவி நாள். தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் யாருக்கு என்ற வழக்கு கேரளத்தின் பக்கம் முடிந்த நாளும் அதுவே. அன்று காலை, சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில், தமிழ் பேசும் ஆசிரியைகள் கசவுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகின்றனர். பாரம்பரியம் கம்பளிக்குள் மூடுண்டுவிடுவதால், படம் எடுக்கும் அரை நிமிடத்துக்கு மட்டும் ஸ்வெட்டர் கழற்றப்படுகிறது. எதிர்ச்சரிவில் தலையில் துண்டும் இடுப்பில் பாலித்தீன் விரிப்புமாகக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆடைக்கட்டுப்பாடு பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை.

எல்லைக்கு அப்பால் சட்டமே வந்துவிட்டது. 2014 ஜூலையில் சென்னையில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டியிருந்ததற்காகக் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்துக்குள் விடப்படவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடையைக் குற்றமாக்கியது. வேட்டி கட்ட விரும்புபவருக்கு இவ்வாறு காப்பு உண்டு. கட்ட விரும்பாதவருக்கு எந்த மாநிலத்திலும் இல்லை. அவருக்கு அபராதம் விதிப்பதில்லை, மாறாக, குழுப்படம் எடுக்கும் நேரத்தில் எல்லாருடைய கைப்பேசிகளும் அவர் கையில் திணிக்கப்படுகின்றன, அவர் ஒவ்வொன்றிலும் படம் எடுத்து முடிக்கையில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுகிறது: “அண்ணே, இன்னொண்ணு எடுங்க, கரை தெரியலை!”