கோலாலம்பூர் பறவைக்கு ஜொகூர் அன்னாசி

கே: வீட்டில் ரம் காக்டெயில் கலக்க ஆசை. கியூபா, ஜமைக்கா என்று என்னென்னவோ சொல்கிறார்கள். ஜொகூர் பாலோவில் உட்கார்ந்துகொண்டு எதைச் செய்வது?

ப: கியூபாவுக்கு எதற்கு ஐயா? ரயிலேறினால் கோலாலம்பூர். உலகமே கொண்டாடும் 'ஜங்கிள் பேர்ட்' பிறந்தது அங்கேதான். 1973இல் திறந்த ஹில்டன் ஓட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் கலக்கியது. பாரின் கண்ணாடிக்கு அப்பால் பறவைகள் தெரியும், பானத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. விருந்தினருக்கு வரவேற்பாகப் பீங்கான் பறவைக்குள் ஊற்றிக் கொடுத்தார்கள். இன்று நியூயார்க் பார்களில் அதற்குத் தனி மரியாதை. நம் கல்யாண வீட்டுப் பின்கட்டில்தான் இன்னும் கோக்கை விட்டு யாரும் நகரவில்லை.

கே: அளவு சொல்லுங்கள். என்னிடம் ஷேக்கரும் இல்லை, அளவுக் கிண்ணமும் இல்லை.

ப: 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டி வீட்டில் இருக்குமே, அது போதும். கறுப்பு ரம் மூன்று கரண்டி, கம்பாரி என்னும் கசப்பு மது ஒன்றரை, அன்னாசிச் சாறு மூன்று, எலுமிச்சைச் சாறு ஒன்று, சீனிப்பாகு ஒன்று. பாகுக்குச் சீனியும் சுடுநீரும் சரிபாதி. கரைத்து, நன்றாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூடாக ஊற்றினால் ஐஸெல்லாம் தண்ணீராகி, ரம் வாசம் அடிக்கும் ரசம்தான் மிஞ்சும்.

மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் பாதிக்கு ஐஸ் போட்டு, எல்லாவற்றையும் ஊற்றி, டப்பா கையைச் சுடுவதுபோலக் குளிரும்வரை குலுக்குங்கள். புது ஐஸ் போட்ட கிளாஸில் டீ வடிகட்டியால் வடியுங்கள். சாறு அப்போதே பிழிந்ததாக இருந்தால் மேலே வெள்ளையாய் நுரை கட்டும். தகர டப்பா சாற்றில் அந்த அழகு வராது. அன்னாசிக்கு அருங்காட்சியகமே வைத்திருக்கும் மாநிலத்தில் தகர டப்பாவைத் திறப்பவரை என்ன சொல்ல! பழம் எம்டி2 ரகம் என்றால் தித்திப்பு அதிகம், பாகை அரைக் கரண்டியாகக் குறையுங்கள்.

கே: கம்பாரி கசக்குமாமே, விட்டுவிடலாமா?

ப: பாகற்காய் போடாமல் பாகற்காய்க் குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்தப் பானத்தின் உயிரே அந்தக் கசப்பு. அது இல்லையென்றால் பிறந்தநாள் விருந்து ஜூஸில் ரம் விழுந்த கதைதான். முதல் மடக்கில் முகம் சுளிக்கும். மூன்றாவதில் கை தானாகக் கிளாஸைத் தேடும்.

கே: நாங்கள் தோட்டத்தில் கள்ளுக்கடையோடு நிறுத்திக்கொண்டவர்கள். பேரன் ரம், பறவை என்கிறானே?

ப: ரம் நமக்கு அந்நியமில்லை தாத்தா. மலாயாவுக்குப் பால்மரம் வெட்ட வந்தோம். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்பு வெட்டப் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம்மவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறினார்கள். அந்தத் தீவுகளில் ரம் வடிப்பது கரும்பில்தான். பேரன் கிளாஸில் ஒரு பங்காளியின் வேர்வையும் இருக்கலாம்.

கே: லேபிள் இல்லாத ரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

ப: வேண்டவே வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மது பல உயிர்களைக் குடித்தது. தப்பியவருக்கும் அது கண்ணைக் கேட்கும்.

கே: இரண்டு கிளாஸ் போட்டுவிட்டு, குளுவாங் ஸ்டேஷன் காபி குடித்தால் கார் ஓட்டலாம்தானே?

ப: அந்தக் காபிக்கு 1938இலிருந்து பேர். போதையைத் தெளியவைத்த பேர் மட்டும் அதற்கு இல்லை. தூங்கி வழிகிற குடிகாரர், கண் விழித்த குடிகாரர் ஆவார். அவ்வளவுதான். சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம். சாவியை மச்சானிடம் கொடுங்கள். குடிக்காத மச்சான் கிடைத்தால் எனக்கும் ஒரு தகவல் போடுங்கள்.