சனிக்கிழமை துணி காயப்போடக் கூடாது

சண்டர்லேண்ட்,
இங்கிலாந்து.

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்ல வேண்டியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நான் புறா என்று ஆரம்பித்தால் நீ நடுவில் கேஸ் சிலிண்டர், தண்ணி லாரி என்று நுழைந்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் சுவரோடு சுவர் ஒட்டியவை. பின்பக்கம் ஆளுக்கொரு துண்டு நிலம். வலப்பக்கத்து வீட்டுப் பெரியவருடைய துண்டில் பாதிக்கு மேல் புறாக்கூண்டு, மிச்சத்தில் லீக்ஸ் என்ற காய்கறிப் பாத்தி. கூண்டு என்றதும் காசிமேட்டு மொட்டை மாடிகளில் பழப்பெட்டியைப் பிரித்து அடித்திருப்பார்களே, அதை நினைக்காதே. நாம் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தைவிட இது பெரியது. கதவு ஜன்னல் உண்டு. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கிறார். இந்தப் பக்கத்தில் இதை ‘க்ரீ’ என்கிறார்கள். இதே ஊரில் ரைஹோப் என்ற பகுதியில் 1955-இல் கட்டிய ஒரு புறாக்கூண்டை இடிக்கக் கூடாத பாரம்பரியக் கட்டடம் என்று அரசாங்கமே பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம்மூரில் ஆயிரம் வருஷத்து மண்டபத்தில் மாடு கட்டியிருக்கிறோம்.

பெரியவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஊரின் கடைசிச் சுரங்கத்தை 1993-இல் மூடி, அந்த இடத்தில் கால்பந்து மைதானம் கட்டிவிட்டார்கள். பூமிக்கடியில் உழைத்த மனிதர்களுக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருக்க ஏதோ ஒரு சாக்கு தேவைப்பட்டிருக்கும், அதனால்தான் சுரங்கத் தொழிலாளிகள் இத்தனை பேர் புறா வளர்த்தார்கள் என்று நானாக ஒரு தத்துவம் கண்டுபிடித்து அவரிடம் சொன்னேன். “அப்பா வைத்திருந்தார், நானும் வைத்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கூண்டைச் சுரண்டப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடிந்து நான் வந்து படுக்கிற நேரமும் அவர் தகர டப்பாவில் தானியத்தைப் போட்டுக் குலுக்குகிற நேரமும் ஒன்று. கூடவே விசில் வேறு. புறாவைப் பசியோடு பறக்கவிட்டு, சத்தம் கொடுத்து, இறங்கி வந்தால்தான் சாப்பாடு என்று பழக்க வேண்டுமாம். அவருடைய புறாக்கள் பழகினவோ இல்லையோ, டப்பா குலுங்கினால் எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சனிக்கிழமைதோறும் பந்தயம். இந்த நாட்டில் வெளியே துணி காய்வதும் அந்த மாதங்களில்தான், எனக்கு லீவு விழுவதும் பெரும்பாலும் அந்தக் கிழமையில்தான். கொடியில் துணி படபடத்தால் திரும்பி வருகிற புறா மிரண்டு இறங்காதாம். “மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை, அந்தக் கட்டம் போட்ட பாவாடை மட்டும் வேண்டாம்” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். அவர் சொன்னது என் லுங்கியை.

பந்தயக் கணக்கு சுவாரஸ்யமானது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லார் புறாவையும் கிளப்பில் வாங்கி லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோகிறார்கள். பெரிய பந்தயமானால் கடல் தாண்டி பிரான்சுக்கு. காலையில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். ஆனால் முதலில் வீடு சேருகிற புறாதான் ஜெயித்தது என்றில்லை. ஒவ்வொரு கூண்டுக்கும் தூரம் அளந்து வைத்திருக்கிறார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்து, நிமிஷத்துக்கு எத்தனை கஜம் பறந்தது என்று பார்க்கிறார்கள். 1,400 கஜம் வந்தால் மணிக்குச் சுமார் 77 கிலோமீட்டர். முன்பெல்லாம் புறாவின் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றி ஒரு கடிகாரப் பெட்டிக்குள் போட்டு நேரம் பதிவார்களாம். இப்போது காலில் சிப் இருக்கிறது, கூண்டு வாசல் பலகையை மிதித்ததும் தானாகப் பதிவாகிவிடும்.

மிதிக்க வேண்டுமே! வடநாட்டிலிருந்து ஓடி வந்துவிட்டு, சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும்போது பேசின் பிரிட்ஜில் நின்றுவிடுகிற ரயில் மாதிரி, நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்த புறா என் வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்து சிறகு கோதும். கீழே அவர் டப்பாவோடு நிற்பார். சத்தமாகக் கூப்பிட்டால் பறந்துவிடும் என்று கெஞ்சுகிற குரலில் கூப்பிடுவார். நான் சமையலறையில் கடுகு தாளிக்கக் கூடாது, தும்மக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது. ஒரு மனிதர் புறாவிடம் இவ்வளவு பணிவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அவருடைய மனைவியும் பார்த்ததில்லையாம், அவரிடம்.

புறா வேகமாக வர இவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். அத்தானுக்குப் படித்துக் காட்டு. ஜோடியை வாரம் முழுவதும் பிரித்து வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றுவதற்குமுன் ஆண் புறாவுக்குப் பெண் புறாவைக் கொஞ்ச நேரம் கண்ணில் காட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த நினைப்பிலேயே அது மறுநாள் வழியில் எங்கும் நிற்காமல் வந்துசேரும். இதற்கு ‘விதவை முறை’ என்றே பெயர். அத்தான் துபாயில் இருந்தபோது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊரைக் காட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்ட கம்பெனிக்காரன் புறா வளர்த்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

நான் குறை சொல்லப் போகிறபோதெல்லாம் பெரியவர் ஒரு சரித்திரத்தை எடுத்து விடுவார். ராஜ குடும்பமே 1886-லிருந்து பந்தயப் புறா வளர்க்கிறதாம். முதல் ஜோடிகள் பெல்ஜியம் ராஜா கொடுத்த அன்பளிப்பு. அதே பெல்ஜியத்தில் 2020-இல் நியூ கிம் என்ற பெண் புறா 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் பதினாலு கோடி! வேறொரு நாள் விங்கி கதை. 1942-இல் ஒரு குண்டுவீச்சு விமானம் வட கடலில் விழுந்தது. அதிலிருந்து புறப்பட்ட விங்கி என்ற புறா சுமார் 120 மைல் பறந்து, எண்ணெய் அப்பிய சிறகோடு ஸ்காட்லாந்தில் வளர்த்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காலில் கடிதம் எதுவும் இல்லை. விமானம் விழுந்த நேரம், புறா வந்த நேரம், காற்று, இறகில் இருந்த எண்ணெய் இதையெல்லாம் வைத்துப் பந்தயக் கணக்கையே திருப்பிப் போட்டு இடத்தைக் கண்டுபிடித்து விமானத்தில் இருந்த நாலு பேரையும் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷம் அதற்கு, போரில் உதவிய விலங்குகளுக்குத் தருகிற டிக்கின் பதக்கம். அந்தக் காலத்தில் அந்தப் பதக்கம் வாங்கிய புறாக்கள் 32, நாய்கள் 18. இந்த இரண்டு எண்களையும் அவர் நாய் வளர்க்கும் எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வார்.

விட்டுக்கொடுக்கலாமா? நானும் பதிலுக்கு சிபிச் சக்கரவர்த்தி கதையைச் சொன்னேன். பருந்திடமிருந்து புறாவைக் காக்க ராஜா தன் சதையை அறுத்துத் தராசில் வைத்தது, வைக்க வைக்கப் புறா பக்கமே தாழ்ந்தது, எல்லாம் உருக்கமாகச் சொன்னேன். கண் கலங்குவார் என்று பார்த்தேன். “அவ்வளவு கனமா? மக்காச்சோளம் அதிகம் போட்டிருப்பார்கள். பார்லிக்கு மாற்றச் சொல்” என்றார். பருந்தைப் பற்றி அவர் சொன்னதை எழுத முடியாது. இங்கே வல்லூறுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதால் வாயால் திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இனி நம் வீட்டு விஷயம். ‘மாரி’ படத்தை டிவியில் பார்த்துவிட்டு உன் பையன் மாடியில் புறா வளர்க்க வேண்டும் என்கிறான், உருப்படாமல் போவான், நீ எழுதினால் கேட்பான் என்றாய். எழுதிவிட்டேன். ஆனால் நீ கேட்டபடி அல்ல. பக்கத்து வீட்டில் நான் பார்ப்பது என்னவென்றால், புறா வைத்திருப்பவன் எங்கேயும் போவதில்லை. மனைவி தங்கையோடு ஸ்பெயின் போகிறாள், இவர் கூண்டு வாசலில் நிற்கிறார். விடியுமுன் எழுந்து, கூண்டு சுரண்டி, இருட்டுமுன் வீடு திரும்புகிற பையன் உனக்கு வேண்டாமா?

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. புறா எச்சத்தூசியை வருஷக்கணக்காகச் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் கெட்டுப்போகும். எங்கள் வார்டில் இருமிக்கொண்டு வரும் கிழவர்களிடம் வீட்டில் பறவை உண்டா என்று டாக்டர் கேட்பதே அதனால்தான். மாஸ்க் போடாமல் கூண்டைச் சுத்தம் செய்யவே கூடாது. அம்மா படுக்கும் அறை ஜன்னல் பக்கமும் கூண்டு வேண்டாம்.

வாங்கும்போது குஞ்சாக வாங்கச் சொல். வளர்ந்த பந்தயப் புறாவை வாங்கினால் திறந்துவிட்ட அன்றே விற்றவன் வீட்டுக்குப் போய்விடும், அவன் அதையே அடுத்த ஆளுக்கு விற்பான். அந்த வியாபாரத்துக்கு அத்தான் பணம் போக வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி